கொள்ளுத்தாத்தாவின் துடுப்பு

கொன்றையூர் மன்னர் பராங்குசருக்குப் பகைவர்களே இல்லை. அதனால் பொழுது போகவில்லை. பொழுது போகாத மன்னரை ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. பழைய போட்டிகளில் ஜெயித்தவர்கள் தொட்டது, கட்டியது, உடைத்தது எல்லாவற்றையும் தேடிச் சேர்க்கும் பைத்தியம்.

சேனாபதிக்கும் அரண்மனை வைத்தியருக்கும் அதே பைத்தியம் தொற்றியது. பௌர்ணமிதோறும் சாயங்காலம் கூடுவார்கள். அவரவர் புதிதாகப் பிடித்த பொருளைப் பட்டுத்துணி விலக்கிக் காட்டுவார்கள்.

"ஏழு சண்டையில் தோற்காத கிடாவின் கொம்பு!" என்பார் சேனாபதி.

"அடடா!"

"மல்லன் மாசிலாமணியின் கடைவாய்ப் பல். விழுந்த இடத்திலேயே பொறுக்கியது!" என்பார் வைத்தியர்.

"அடடா, அடடா!" மன்னர் பல்லை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

விகடகவி கூத்தபிரான் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி ரசிப்பார். யாருக்கும் கேடில்லாத பைத்தியம்தானே என்று அவருக்கு அதில் ஒரு பிரியம்கூட உண்டு.

கேடு ஒரு பௌர்ணமியன்று வந்தது. பண்டகசாலை அதிகாரி கஜபதி அதைத் தோளில் சுமந்து வந்தார். ஆள் உயரத் துடுப்பு. கன்னங்கரேல் என்றிருந்தது.

"மகாராஜா! நூறு வருஷத்துக்கு முன் அல்லியேரி ஓடப் போட்டியில் தங்கள் கொள்ளுத்தாத்தா ஜெயித்தாரே, அந்தத் துடுப்பு! தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது."

மன்னர் ஆசனத்திலிருந்து இறங்கி ஓடி வந்தார். "என்ன வேண்டும், கேளும்!"

"தங்களிடம் விலை பேசுவேனா? அல்லியேரியின் மீன்பிடி உரிமையை எனக்கு எழுதிக் கொடுத்தால் போதும்."

"மூன்றாம் நாள் நல்ல நாள். அன்றே சாசனம்!" என்றார் மன்னர்.

மறுநாள் காலையில் ஏரிக்கரைச் சடையாயி கூத்தபிரான் வாசலில் நின்றாள். "ஐயா, அறுபது குடும்பம் அந்த ஏரியை நம்பித்தான் அடுப்பு மூட்டுது. அதைப் போய் எழுதிக் குடுக்கலாமா?"

கூத்தபிரான் அவளை நேரே சபைக்கு அழைத்துப் போனார். சடையாயி துடுப்பைத் தடவிப் பார்த்தாள். "புழங்கின துடுப்புன்னா கை பிடிக்கிற இடம் தேஞ்சு வழுவழுன்னு இருக்கும், மகாராசா. இது சொரசொரன்னு இருக்கே!"

மன்னருக்கு மூக்கு சிவந்தது. "என் கொள்ளுத்தாத்தாவின் கை தாமரைப்பூ! பூ பட்டு மரம் தேயுமா?" பிறகு கூத்தபிரான் பக்கம் திரும்பினார். "ஓய், இது போலி என்றால் சாசனம் எழுதுமுன் நிரூபியும். முடியாவிட்டால் அன்றோடு சபைக்கு வராதீர்!"

கூத்தபிரான் யோசித்தார். ஆசைப்பட்டவன் கண்ணுக்கு எந்தச் சாட்சியும் தெரியாது. இனி மன்னரிடம் பேசிப் பயனில்லை. உண்மை தெரிந்தவன் கஜபதி ஒருவன்தான். அது அவன் வாயிலிருந்தே வரவேண்டும். எப்படி வரவழைப்பது?

மூன்றாம் நாள் சபை கூடியது. கூத்தபிரான் தலைகுனிந்து எழுந்தார்.

"மகாராஜா, நான் தோற்றேன். துடுப்பு அசல்தான். ஆதாரமே கிடைத்துவிட்டது."

கஜபதி மீசையை முறுக்கினார். சடையாயி வாயைப் பொத்திக்கொண்டாள். கூத்தபிரான் மடியிலிருந்து ஒரு பழுப்பு ஓலையை எடுத்து வாசித்தார்.

"போட்டி முடிந்த அன்றே நம் வெற்றித் துடுப்பு களவு போயிற்று. எத்தனை தலைமுறை ஆனாலும் சரி, அது எவன் வீட்டில் அகப்படுகிறதோ அவனுக்கு நூறு சவுக்கடி. என் வம்சத்தார் இதை மீறலாகாது."

மன்னர் துள்ளி எழுந்தார். "கொள்ளுத்தாத்தாவின் கட்டளை! எங்கே சவுக்கு?"

"குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த சவுக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது, மகாராஜா!" என்றார் சேனாபதி.

"அடித்து முடித்ததும் அதை எனக்குத் தருவீரா?" என்றார் வைத்தியர்.

கஜபதிக்கு வேர்த்துக் கொட்டியது. "ம...மகாராஜா, அது... சந்தையில் வாங்கினது!"

"தலைமுறை தலைமுறையாகப் பரணில் இருந்தது என்று சபையில் சொன்னவர் நீர்தானே?" என்றார் கூத்தபிரான்.

சவுக்கு வந்தது. கஜபதி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "புதுசு, மகாராஜா! போன மாதம் தச்சன் செய்தது! அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டேன்!"

கூத்தபிரான் கைகூப்பினார். "கேட்டீர்களா? ஏரி வாங்கும்போது துடுப்புக்கு வயது நூறு வருஷம். அடி வாங்கும்போது ஒரு மாதம்!"

மன்னர் வெட்கத்தோடு கஜபதியின் பதவியைப் பறித்தார். எழுதி வைத்திருந்த சாசனத்தில் அவர் பெயரை அடிக்கச் சொல்லி, ஏரிக்கரை அறுபது குடும்பங்களின் பெயரை எழுதச் சொன்னார். சடையாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

"துடுப்பு போனால் போகட்டும்," என்று மன்னர் கையை நீட்டினார். "கொள்ளுத்தாத்தாவின் ஓலை கிடைத்ததே! இங்கே கொடும்."

கூத்தபிரான் நெளிந்தார். "அது வந்து... மகாராஜா... துடுப்பாவது ஒரு மாதம் புகை குடித்தது. பாவம், இந்த ஓலை நேற்று என் வீட்டு அடுப்புக்கு மேலே ஒரு பகல்தான் குடித்தது."

மன்னர் ஓலையை வாங்கி முகர்ந்தார். மிளகுரசம் மணத்தது! அவர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து மடியில் விழுந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

"ஓலை எனக்கு!" என்றார் சேனாபதி. "எனக்கு!" என்றார் வைத்தியர்.

"யாருக்கும் கிடையாது. ஒரு திருடனைப் பிடித்த ஓலை, எனக்குத்தான்!" என்று மன்னர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கூத்தபிரான் சொன்னார்: "பத்திரம், மகாராஜா! நாளையே ஊரில் இதற்கும் போலி கிளம்பும். அசல் போலி இது ஒன்றுதான்!"