கீரி கைநாட்டு வைத்த கோழிக்கூடு

பூச்சிகுளத்து அண்ணன் தம்பி மூன்று பேரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில்லை என்றால் புண்ணியம் செய்தவர். நான் செய்யவில்லை. எதிர்வீடு என்னுடையது. மூத்தவன் கொம்பையா, நடுவன் தளவாய், கடைக்குட்டி பூலுடையார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். அந்த ஒன்றைக்கூட இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

கொம்பையாவின் பெண்சாதி பேச்சித்தாய் விவரமானவள். அவள் வளர்த்த பன்னிரண்டு கோழியும் போட்ட முட்டையில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. அதற்கும் எமனாக வந்தது ஒரு கீரி. கிழக்கே காலி மனையில் உடைமரப் புதருக்குள் அதற்குப் பொந்து. பட்டப்பகலில் வந்து, தன் வீட்டுச் சாமான் மாதிரி ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போகும். பன்னிரண்டு எட்டாகிவிட்டது. மிச்சத்தில் செங்கோழி ஒன்று பதினொரு முட்டைமேல் அடைக்கு உட்கார்ந்திருந்தது.

"இன்னும் மூணு வாரத்துல குஞ்சு பொரிச்சிரும். அதுக்குள்ள ஒரு கூடு கட்டிக் குடுத்துருங்க. இல்லைன்னா அம்புட்டையும் கீரி தின்னுட்டுப் போயிரும்" என்றாள் பேச்சித்தாய்.

நாலு கம்பு, கொஞ்சம் வலை, அரை நாள் வேலை. ஊரில் வீட்டுக்கு வீடு கூடு கிடக்கிறது, ஒருத்தனும் ஒருத்தனிடமும் அனுமதி கேட்டதில்லை. ஆனால் பூலுடையார் போகிற வழியில் ஊராட்சி ஆபீஸ் பலகையில் ஒரு நோட்டீசைப் பார்த்துத் தொலைத்துவிட்டான். அப்படியே கிழித்துக்கொண்டு வந்தான். 'ஐம்பது கோழிக்கு மேல் வளர்ப்பவர்களுக்கு மட்டும்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரி பலகையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மிச்சம்தான் வீட்டுக்கு வந்தது.

மூவரும் முற்றத்தில் உட்கார்ந்து அதை வாசித்தார்கள். ஏதோ உயில் வாசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தார்கள்.

"கூடு ஆளுயரம் இருக்கணும். தரையில படாம கால் வச்சுக் கட்டணும். எச்சம் கீழ விழ அடிப்பலகையில இடைவெளி விடணும்" என்றான் பூலுடையார்.

அது மட்டும் ஒழுங்காக நடந்தது. மூங்கிலும் தகரமும் வைத்து, புறவாசல் கடைசியில், நாலே நாளில் கட்டிவிட்டார்கள். பேச்சித்தாய் கோழிகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொம்பையா கம்போடு குறுக்கே நின்றான்.

"ஏளா, நில்லு. அதிகாரி வந்து பாத்து அனுமதி குடுக்கறவரைக்கும் கோழி உள்ள போகக்கூடாது. போட்டிருக்கு."

"கீரி வருமே?"

"கீரியைப் பத்தி ஒண்ணும் போடலையே."

அன்று முதல் கொம்பையா சோறு தண்ணி மறந்து அந்தக் கூட்டுக்குக் காவல் நின்றான். கோழி கிட்டே வந்தால் விரட்டினான். கீரி வந்தது. கூட்டுக்குள் ஏறிப் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு, போகும்போது வெள்ளைக்கோழியைக் கவ்விக்கொண்டு போனது. கொம்பையா விலகி வழிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பை வாங்கி அவனையே நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

அடுத்த விதி, பக்கத்து நிலத்தில் குடியிருப்பவர் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். மேற்கே நிலத்துக்காரர் போட்டுவிட்டார். கிழக்கே காலி மனை.

"அங்கன யாரும் குடியில்லையே" என்றான் கொம்பையா.

"ஏன் இல்லை? கீரி இருக்குல்லா" என்றான் தளவாய்.

கொம்பையா எழுந்து வந்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். அவ்வளவு பெரிய உண்மை அது.

"அதுக்கு எழுதத் தெரியாதே அண்ணே" என்றான் பூலுடையார்.

"கைநாட்டு வாங்குவோம்."

மை தடவிய அட்டையைப் பொந்து வாசலில் வைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் காகிதம். கீரி எட்டிப் பார்க்கவில்லை. பேச்சித்தாய் தண்ணிக்குப் போன நேரம் பார்த்து, ஒரு கோழியின் காலைக் கட்டிக் காகிதத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். கீரி வந்தது, மையை மிதித்தது, காகிதத்தை மிதித்தது, கோழியோடு போனது. நாலு காலும் தெளிவாக விழுந்திருந்தது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஊராட்சி கிளார்க் அருளப்பன் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"கைநாட்டு சார். கிழக்க குடியிருக்கவரு."

"நாலு கையா அவருக்கு?"

"ரெண்டு கால்நாட்டும் சேர்த்து வச்சிட்டாரு சார். நல்ல மனுசன். ஆட்சேபம் இருந்தா நம்ம கோழியைத் தின்னிருப்பாரா?" என்றான் தளவாய்.

அருளப்பனுக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். கண்ணை மூடிக்கொண்டு சீல் குத்தி, ஒரு நாள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தொலைந்தது என்று நினைத்தேன். கடைசி விதி ஒன்று இருந்தது. வீட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே முப்பது அடி இருக்க வேண்டும். டேப்பைப் பிடித்தார்கள். இருபத்திரண்டு அடிதான் இருந்தது.

"எட்டடி குறையுது" என்றான் பூலுடையார்.

"கூட்டைத் தள்ளி வைப்போமா?" என்றான் கொம்பையா. அந்த மனுஷன் வாழ்நாளில் பேசிய ஒரே புத்தியுள்ள வார்த்தை அது. தம்பிகள் இருவரும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"சீல் குத்துன கூடு அண்ணே! அதைத் தொடலாமா? வீட்டுக்கு எவன் சீல் குத்தியிருக்கான்?"

மறுநாள் பேச்சித்தாய் சந்தைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அடுப்படியை இடித்துவிட்டார்கள். எட்டடி சுத்தமாகக் கிடைத்தது. ஆனால் அடுப்படிச் சுவர்தான் நடுவீட்டு உத்திரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு நடுவீடும் உட்கார்ந்துவிட்டது.

"பாத்தியா, இப்ப நாப்பத்தஞ்சு அடி! கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டோம்" என்றான் தளவாய்.

பேச்சித்தாய் சந்தைக் கூடையை இறக்கிவிட்டுச் சேலையை வரிந்து கட்டினாள். அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் மிச்சம் நின்றது வாசலறை ஒன்றுதான். செங்கோழியை முட்டைக் கூடையோடு தூக்கி அதற்குள் வைத்தாள். உயிரோடிருந்த மற்ற ஐந்து கோழியையும் உள்ளே விட்டாள். தன் பாயையும் போட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூவரையும் பார்த்தாள்.

"கீரியும் உள்ள வரப்படாது. நீங்களும் வரப்படாது. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்." தாழ்ப்பாள் விழுந்தது.

மழை தூறியது. மூவரும் போக்கிடம் இல்லாமல் சுற்றிப் பார்த்தார்கள். ஆளுயரத்தில், மேலே தகரம் போட்டு, புத்தம் புதுசாக நின்றது கூடு. ஏறிப் படுத்துக்கொண்டார்கள். கோழி உள்ளே போகக்கூடாது என்றுதானே போட்டிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அருளப்பன் சோதனைக்கு வந்தார். அன்று காலையில்தான் குஞ்சு பொரித்திருந்தது, பதினொன்றும். வாசலறைக்குள் ஒரே கீச்சுக் கீச்சு. பேச்சித்தாய் ஜன்னல் வழியாக எனக்கு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அருளப்பன் வாசலறைக்குள் கோழியைப் பார்த்தார். புறவாசலில் கூட்டுக்குள் மூன்று ஆம்பளைகளைப் பார்த்தார். எழுதப் பேனா எடுத்தவர் மூடிவிட்டார்.

"யாருய்யா இதுக்குள்ள குடியிருக்கது?"

"நாங்கதான் சார்."

அந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு எரிச்சல் வந்ததோ! "ஏன்யா, மனுஷன் குடியிருக்கிற இடத்துக்கும் கூட்டுக்கும் முப்பது அடி வேணும்னு போட்டிருக்குல்லா, படிக்கலையா?" என்று கத்திவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூவருக்கும் முகம் செத்துவிட்டது. தளவாய் டேப்பைப் பிடித்துப் பார்த்தான். குடியிருக்கிற இடத்துக்கும் கூட்டுக்கும் நடுவே ஓரடிகூட இல்லை.

"இறங்கிப் போயிருவோமா?" என்றான் பூலுடையார்.

"எறங்குனா நமக்கு வீடு ஏது? கூட்டைத்தான் முப்பதடி தள்ளணும்" என்றான் கொம்பையா.

அடிப்பலகை இடைவெளியில் ஆறு காலையும் கீழே விட்டு, கூட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு எழுந்தார்கள். முப்பது அடி நடந்தார்கள். இறக்கினார்கள். அளந்தார்கள்.

"ஓரடிகூட வரலையே அண்ணே!"

"நாமளும் கூடவே வந்துட்டோம்லா. இன்னொரு முப்பது நடப்போம்."

வேலியைத் தாண்டினார்கள், குளத்தங்கரையைத் தாண்டினார்கள். ரோட்டில் ஏறும்போது நான் போய்ப் பேச்சித்தாயிடம் சொன்னேன். அவள் குஞ்சுகளுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். "போகட்டும் விடுங்க. அளந்து முடிஞ்சதும் வருவாவ" என்றாள்.

போன வாரம் பஸ் டிரைவர் ஒருவர் சொன்னார். பதினெட்டு மைல் தள்ளி, மெயின் ரோட்டு ஓரத்தில் ஒரு கோழிக்கூடு நின்றதாம். பஸ் பக்கத்தில் போனதும் வலைக்குள்ளிருந்து ஒரு கை டேப்பை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் இந்த நுனியைப் பிடிச்சுக்கிடுங்க, கிட்டத்துல வந்துட்டோம்" என்றதாம்.