நின்றுகொண்டே ஆண்ட ராணி

வெகு காலத்துக்கு முன்னால், பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் ஜார்ஜியா நாட்டில் ராஜா இறந்துபோனார். அவருக்கு ஒரே வாரிசு, மகள் மக்வாலா. குதிரை ஏறினால் பொழுது சாயும்வரை இறங்காத பெண். அவளுக்கு முடிசூட்டினார்கள்.

பிரபுக்களுக்கு வயிறு எரிந்தது. அவர்களில் மூத்தவரான ஓதார், ஆயிரம் வீரர்களைக் கோட்டை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு பத்திரத்தை நீட்டினார். "ராணி கிரீடம் அணியலாம், வழக்கு விசாரிக்கலாம். பெண் என்பதால் அரியணையில் அமரக்கூடாது. நாளை மாலைவரை அது காலியாக இருந்தால் மூத்த பிரபு அமரலாம்" என்று அதில் எழுதியிருந்தது. எல்லையில் எதிரிகள் காத்திருந்த நேரம். உள்ளேயும் சண்டை மூண்டால் நாடு தாங்காது. ராணி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பிறகு விதூஷகன் கிகோலாவை அழைத்தாள்.

"நாளை மாலைக்குள் நான் அரியணையில் அமர வேண்டும். கொடுத்த வாக்கை மீறக்கூடாது. ஒரு சொட்டு ரத்தமும் சிந்தக்கூடாது. வழி செய்."

இது ஓதாரின் காதுக்கு எட்டியது. கிகோலாவின் வாயில் பலமுறை அகப்பட்டவர் அவர். "முடியாவிட்டால் அவனைக் கழுதைமேல் ஏற்றி நாடு கடத்துவேன்" என்றார்.

கிகோலா ராணியிடம் சொன்னான்: "வழக்கு உள்ளவர்கள் எல்லாரும் நாளை வரட்டும், மகாராணி. தாங்கள் வேட்டைக்குப் போகும் காலணியைப் போட்டுக்கொள்ளுங்கள்."

மறுநாள் காலை ராணி அரியணைக்கு முன்னால் வந்து நின்றாள். பிரபுக்கள் ஆசனங்களில் உட்காரக் குனிந்தார்கள்.

"பொறுங்கள்" என்றான் கிகோலா. "முடி தரித்தவர் நிற்கும்போது எவரும் உட்காரக்கூடாது, சபையை விட்டுப் போகவும் கூடாது. தங்கள் பாட்டனார்கள் வகுத்த முறைதானே?"

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

முதலில் திராட்சைத் தோட்டத்து வரப்புத் தகராறு வந்தது. அடுத்து, பக்கத்து வீட்டுக் கூரையில் காய் உதிர்த்த வாதுமை மரம். ராணி நிதானமாக விசாரித்தாள். மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நின்றபடியே சாப்பிட்டார்கள். முழங்கால் வலிக்காரரான ஓதார் மெல்லத் தூணில் சாய்ந்தார்.

"சாய்வது பாதி உட்காருவது, பிரபு" என்றான் கிகோலா.

பிறகு ஓர் ஆட்டு வழக்கு. அதை ஆதியோடந்தமாகச் சொல்லும்படி அவன் பணிவுடன் கேட்டுக்கொண்டான்.

பொழுது சாய்ந்தது. ஓதார் நொண்டிக்கொண்டே அரியணையை நெருங்கினார். "காலியாக இருக்கிறது. இனி இது என்னுடையது."

"தாராளமாக. மகாராணி உட்கார்ந்ததும் தாங்களும் உட்காரலாம்" என்றான் கிகோலா.

அதையும் மீறி உட்காரப் போனவரை மற்றப் பிரபுக்கள் பிடித்து இழுத்தார்கள். "காலையிலிருந்து எங்கள் கால் கடுக்கிறது. நீர் மட்டும் உட்காருவீரோ?"

"ராணி எப்போதுதான் உட்காருவார்?" என்று ஓதார் முனகினார்.

"உட்காரவே கூடாதென்று தாங்கள்தானே எழுதி வாங்கினீர்கள்? இன்னும் நூற்று நாற்பது வழக்குகள் இருக்கின்றன. விளக்கேற்றச் சொல்லட்டுமா?"

ஓதார் வலித்த முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "தாயே, தயவுசெய்து உட்காருங்கள்."

"கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, பிரபு."

ஓதார் பத்திரத்தை எடுத்துத் தன் கையாலேயே கிழித்துப் போட்டார். ராணி அரியணையில் அமர்ந்தாள். மண்டபம் முழுவதும் ‘அப்பாடா’ என்ற சத்தம் கேட்டது.

ராணி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "உனக்கு என்ன வேண்டும், கிகோலா?"

"ஒரு முக்காலி, மகாராணி. காலையிலிருந்து நானும்தானே நிற்கிறேன்."

வெள்ளியில் முக்காலி செய்து கொடுத்தாள். ராணி நிற்கும்போதும் அதில் உட்காரும் உரிமையை அவனுக்கு மட்டும் அளித்தாள்.

அதற்குப் பிறகும் சபையில் எப்போதாவது முணுமுணுப்பு கிளம்பும். ராணி எழுந்திருக்கப் போவதுபோல் அரியணையில் லேசாக அசைவாள். உடனே சபை அடங்கிவிடும்.