எல்லாத் திரையிலும் கோமதிநாயகம்

சிரிக்க வைக்கிறேன், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் பார்சல் ஆபீஸ் முதலாளி கோமதிநாயகம் கனைத்து முடிக்கட்டும்.

"பார்சல் கணக்கு, லீவு எல்லாம் பார்க்குற இந்த சாஃப்ட்வேருக்கு ஒருத்தர் லைசென்ஸ் போதும். எல்லாரும் என் பேர்லயே, என் பாஸ்வேர்டுலயே உள்ள போங்க. ஆளுக்கொண்ணு வாங்க நான் என்ன கேனையனா?"

"யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியாம போயிடும் சார்," என்றாள் புதிதாகச் சேர்ந்த பூங்கொடி.

"வேலையப் பாரும்மா. உங்க அக்கா கல்யாணத்துக்கு நீ கேட்ட லீவும் கிடையாது."

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் அவளுக்கு நான்கு நாள் லீவு அனுமதியாகியிருந்தது.

"யார் கொடுத்தது?"

"நீங்கதான் சார். உங்க பேர்தான் இருக்கு."

முதலாளிக்கு வேர்த்தது. "நான் தூக்கத்துலகூட லீவு கொடுக்க மாட்டேனே."

"வேற யாரும் உள்ளயே போகலையே சார்."

பதறிப்போய் மேசை மேசையாக எட்டிப் பார்த்தார். எல்லாத் திரையிலும் 'வணக்கம், கோமதிநாயகம்' என்றிருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, இங்க எல்லாருமே நானா?"