காட்டுப்பூனை தாய்மாமன் ஆன கதை

ஆலங்காட்டுக் குளத்தில் ஒரு நீர்நாய் அம்மா தன் மூன்று குட்டிகளோடு வசித்து வந்தாள். அப்பா நீர்நாய் கீழாற்றுக்குப் போயிருந்த நேரத்தில் காட்டில் தும்மல் நோய் பரவியது. எல்லையை மூடிவிட்டார்கள். அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

காட்டுச் சபை கூடி விதிகளைப் போட்டது. கூட்டமாக வேட்டைக்குப் போகக் கூடாது. குளத்தில் ஒரு வேளைக்கு ஒரு குடும்பம்தான் மீன் பிடிக்கலாம். குடும்பத்தில் ஒருவர் தும்மினாலும் மொத்தக் குடும்பமும் பதினாலு நாள் வளைக்குள் இருக்க வேண்டும். காவலுக்கு நாரையைப் போட்டார்கள். அது ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை நீட்டி, எல்லாரையும் எண்ணிக்கொண்டே இருக்கும்.

இதில் ரொம்பத் தவித்துப்போனது காட்டுப்பூனைதான். அதற்கு மீன் என்றால் உயிர். தண்ணீர் என்றால் ஆகவே ஆகாது. முன்பெல்லாம் கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, யாராவது பிடித்த மீனைத் தட்டிக்கொண்டு போகும். இப்போதுதான் கூட்டமே இல்லையே. தன் முறை வந்தபோது ஒரு பாதத்தை நனைத்துப் பார்த்தது. உடனே உதறிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

மறுநாள் காலை நீர்நாய்க் குடும்பத்தின் முறை. பூனை நேராக வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"நீ யாரப்பா?" என்றது நாரை.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? நான் இந்தப் பிள்ளைங்களுக்குத் தாய்மாமன்."

"பூனை எப்படிய்யா நீர்நாய்க்கு அண்ணன் ஆகும்?"

"சின்ன வயசுலயே மேட்டுக்குக் குடி போயிட்டேன். வெயில்ல காய்ஞ்சு இப்படி ஆயிட்டேன். மீசையைப் பாருங்க, அப்படியே எங்க வீட்டு மீசை. தங்கச்சி, நீயே சொல்லும்மா."

நீர்நாய் அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் யாருமே இல்லை. 'பாவம், பசியில் பேசுகிறது' என்று நினைத்தாள். "ஆமாங்க, அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதற்கு நன்றாக அனுபவித்தாள். ஆறு மீன் கிடைத்தால் நாலு பூனைக்கு. கேட்டால், "மாமன் மரியாதைம்மா" என்றது. குட்டிகளின் வயிறு ஒட்டிப்போனது. கடைக்குட்டி பசி தாங்காமல் பாசியை மென்றது. அதைப் பார்த்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சாமி, என் பிள்ளைங்க வயிறு நிறைய ஒரு வழியைக் காட்டு" என்று வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பூனை ஒரு கொழுத்த கெண்டையை அவசர அவசரமாகக் கடித்தது. மீன் செதில் ஒன்று மூக்கில் ஏறியது.

"அச்சூ!"

கரையில் இருந்த தவளைகள் எல்லாம் தொபுக்கென்று தண்ணீருக்குள் குதித்தன.

"தும்மினது யாரு?" என்றது நாரை.

"செதிலுங்க. வெறும் செதிலு!"

"எல்லாரும் அப்படித்தான் ஏதாவது சொல்றாங்க. குடும்பத்தோட வளைக்குள்ள போங்க. பதினாலு நாள். தலைக்கு ரெண்டு மீன் வாசல்ல வச்சிடுறேன்."

பூனை வளைக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே சொதசொதவென்று ஒரே ஈரம். அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நான் இந்தக் குடும்பமே இல்லைங்க" என்றது.

"அப்படியா? அடுத்தவங்க முறையில வந்து மீன் தின்னவங்க, நோய் போற வரைக்கும் குளத்துல கால் வைக்கக் கூடாது. உனக்கு எது வசதி?"

பூனை கெண்டையைப் பார்த்தது. எச்சிலை விழுங்கியது. "மாமன்தாங்க" என்று முனகிக்கொண்டே வளைக்குள் நுழைந்தது.

அன்றைக்கே நீர்நாய் அம்மா ஆரம்பித்தாள்.

"அண்ணா, நல்ல சமயத்துல வந்தீங்க. பிள்ளைங்களுக்கு இன்னும் காது குத்தல. மாமன் மடி இல்லையேன்னு நிறுத்தி வச்சிருந்தேன்."

"மூணு பேருக்குமா?"

"ஒரு நாளைக்கு ஒருத்தரா வச்சுக்கலாம். நமக்கு என்ன அவசரம்?"

சொட்டச் சொட்ட நனைந்த மூத்த குட்டி பூனையின் மடியில் ஏறியது. மீன்முள்ளால் காது குத்தியதும், குட்டி வலியில் மாமனின் மீசையைப் பிடித்துத் தொங்கியது. கத்தியது குட்டி அல்ல, மாமன்தான்.

"சீர் எங்க மாமா?" என்றது கடைக்குட்டி.

"சீரா? என்கிட்ட என்னடா இருக்கு?"

"உங்க பங்கு மீன் இருக்கே" என்றாள் அம்மா, ரொம்பப் பணிவாக. "உங்க கையால ஊட்டிவிட்டாப் போதும். நாங்க என்ன பட்டும் நகையுமா கேக்கறோம்?"

"ஊட்டாத மாமனும் உண்டா?" என்று வாசலில் நாரையின் கழுத்து நீண்டது.

பூனை அவசரமாக ஊட்டிவிட்டது. அவ்வளவுதான், குட்டிகள் ருசி கண்டுவிட்டன. அன்று முதல் மாமன் கையால்தான் சாப்பிடுவோம் என்று ஒரே அடம். பூனைக்கு மிஞ்சியது வாலும் முள்ளும்தான். தூங்கினால் மேலே ஈரக் குட்டி. விழித்தால் வாயைத் திறந்துகொண்டு மூன்று குட்டி.

பதினைந்தாம் நாள் காலை குட்டிகள் மூன்றும் பந்து மாதிரி உருண்டு வெளியே வந்தன. பின்னாலேயே பூனை, பிழிந்து போட்ட துணி மாதிரி வந்தது.

"என்ன மாமா, அப்பா நீர்நாய் ஊர் திரும்புற வரைக்கும் இங்கேயே இருக்கலாமே. விதியில இடம் இருக்கு" என்றது நாரை.

"ஐயா, நான் பூனைங்க. பரம்பரைப் பூனை. எங்களுக்கு எலி போதும்."

"அப்ப குளத்துல கால் வைக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"வாலைக்கூட வைக்க மாட்டேன் சாமி" என்று ஓட்டம் பிடித்தது பூனை.

"அண்ணா, பிள்ளைங்களுக்கு மொட்டை போடணுமே! மடி வேணுமே!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் நீர்நாய் அம்மா.

பூனை திரும்பிப் பார்க்கவே இல்லை.

சொந்தம் என்று சொல்லிப் பங்கு கேட்கிறவர்கள், அந்தச் சொந்தத்தின் சுமைக்கும் தோள் கொடுக்கத்தான் வேண்டும்.