துப்புரவு நிரல் மீது ஒரு புகார்

அநியாயம் நடந்தது ஒரு கம்ப்யூட்டர் நிரலுக்கு. வாயில்லா ஜீவன்தானே என்று அதற்குச் சோம்பேறிப் பட்டம் கட்டிவிட்டார்கள். கட்டியவள் கயற்கண்ணி.

மகளிர் விடுதியின் அறை ஒதுக்கீட்டு இணையதளம் அவள் பொறுப்பு. மதியம் திறந்தாக வேண்டும். திணறினால் பழையபடி சிபாரிசுக்குத்தான் அறை என்று வார்டன் சொல்லிவிட்டார்.

தளமோ காலையிலிருந்து ஊர்ந்தது. நீக்கிய பதிவுகளின் மிச்சம் சர்வரின் இண்டெக்ஸ் என்னும் தேடுபட்டியலில் மலையாய்க் குவிந்திருந்தது. அதைப் பின்னாலிருந்து கூட்டித் தள்ளுவதுதான் அந்த நிரலின் வேலை. கயல் அதற்கு ஆள்பலம் கூட்டினாள். ஓய்வைக் குறைத்தாள். குப்பை ஒரு பிடி குறையவில்லை.

டேட்டாபேஸ் பாடம் நடத்தும் ரெஜினா மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், அது சுத்த தண்டம். எழுப்பிவிட்டாலும் ஒரு சுத்து சுத்திட்டுப் போய்ப் படுத்துக்குது. செட்டிங்ஸ்ல எந்த எண்ணை மாத்தணும்?"

"சாப்பிட்டியா?"

"இப்ப இதுவா மேடம் கேள்வி?"

"இன்னைக்கு விடுதி நாள். வா."

பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாயசம் வரை கயல் ஒரு வாய் விடவில்லை. சாப்பிட்டு முடித்தும் வாதம் முடியவில்லை.

முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரிகள் இருவர் நின்றார்கள்.

"பாயசம் மிஞ்சுமாடி?"

"அக்கா கேஸ் முடியட்டும், தெரியும்."

இலை எடுக்க பக்கெட்டோடு வந்த பெண்கள் கயலின் இலையைப் பார்த்தார்கள். போனார்கள். மறுபடி வந்தார்கள். மறுபடி போனார்கள்.

"பாருங்க மேடம், இவங்களும் அதே ரகம்! சும்மா வர்றதும் போறதும். சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு, என் இலையை எடுத்தாங்களா?"

மேடம் தன் இலையை மடித்தார். "நீ மடிச்சியா?"

கயல் குனிந்தாள். ஒரு கறிவேப்பிலையோடு இலை விரிந்தே கிடந்தது.

"காலையில பழைய அறைப் பட்டியலைப் பார்க்க ஒரு விண்டோ திறந்தேன்னு சொன்னியே. பார்த்து முடிச்சுட்டேன்னு சர்வர்கிட்ட சொன்னியா?"

ஒருவர் பார்த்து முடித்ததாகச் சொல்லும் வரை, அவர் கண்ணுக்குத் தேவைப்படக்கூடிய எதையும் அந்த நிரல் தொடாது. பரீட்சையில் அவளே பக்கம் பக்கமாக எழுதியதுதான்.

இலையை மடித்தாள். ரசம் காயாத கையோடு லேபுக்கு ஓடினாள். இடது கையால் தட்டித் தட்டி அந்த விண்டோவை முடித்தாள். காத்திருந்த நிரல் கடகடவென்று கூட்ட ஆரம்பித்தது. மலை கரைந்தது. தளம் திறந்ததும் விடுதியே கூச்சல் போட்டது. சிபாரிசோடு வந்தவர்களுக்கு வார்டன் கம்ப்யூட்டரைக் கைகாட்டினார்.

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள் கயல். சண்டை மட்டும் தீரவில்லை.

"தப்பு என்னுதுதான், ஒத்துக்கறேன். ஆனாலும் ஒரு நியாயம் வேணும் மேடம். 'நீதான்டி குறுக்க உட்கார்ந்திருக்கே'ன்னு அது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பந்தியில உட்கார்ந்தவங்களை எழுந்திருன்னு யாராவது சொல்வாங்களா, கயல்?"