மேசைக்கு வெட்டிய கல்

கௌரம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய சீடர் முனிரத்தினத்துக்கு அறுபத்தொன்று. குரு சீடரை "சார்" என்று கூப்பிடுவார், சீடர் குருவை "அம்மா" என்பார். பர்கூர்ப் பக்கத்து அந்தச் சின்ன மடத்தில் இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை. முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களை வரிசையில் நிற்க வைத்த தலைமையாசிரியர், அங்கே தட்டுக் கழுவத் தன் முறைக்காக வரிசையில் நின்றார். அவர் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். வருகிற பௌர்ணமியில் காவி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மடத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் மனைவி இந்திராணியிடம், மார்க்கெட் வரை போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர். ஒரு கட்டுக் கொத்தமல்லிகூட வாங்கவில்லை, நேரே பஸ் ஏறிவிட்டார்.

இங்கேதான் இருக்கிறார் என்று இந்திராணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு மடத்துப் போன் அடிக்கும். முதல் மாதம், போனை எடுத்தவரிடம் பீரோ உள்சாவி எங்கே என்று கேட்டார். அடுத்து, தண்ணீர் மோட்டார் ஓட மாட்டேன் என்கிறது, இவர் எதையோ தட்டி ஓட வைப்பாரே, எதைத் தட்டுவார் என்று கேட்டார். இப்போதெல்லாம், சாப்பிடுகிறாரா என்பதோடு சரி.

முனிரத்தினம் ஒரு தடவைகூட அந்தப் போனை எடுத்ததில்லை. அதெல்லாம் முடிந்துபோன கதை என்று சொல்லி, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கு மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமை விரதம் என்று சொல்லிக்கொள்வார். பாவம், பழி பெருமாள் மேல்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"பௌர்ணமிக்குக் காவி குடுப்பீங்களா அம்மா?"

"சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு மேசை வேணும் சார். முட்டி வலிக்காரங்க தரையில உட்கார முடியாம தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. செஞ்சு முடிங்க. அப்புறம் கேளுங்க."

முனிரத்தினம் அன்றே இறங்கிவிட்டார். மேசைக்குக் கால்களாகச் செங்கல் தூண் இரண்டு எழுப்பினார். மேலே போடக் கல் இருந்தது. பக்கத்துக் கிரானைட் பட்டறைக்காரர் எப்போதோ கொடுத்த இரண்டு பலகைக் கற்கள், ஒவ்வொன்றும் ஏழடி நீளம். கூடத்தில் ஐந்தடிக்குத்தான் இடம். இரண்டடியை வெட்டி எடுக்க வேண்டும். பட்டறையிலிருந்து ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். வேண்டாம், நானே வெட்டுகிறேன் என்று கை மெஷினை மட்டும் வாங்கி வந்தார்.

புதன்கிழமை நாலு பேர் பிடித்துக் கல்லை மரக்கட்டைகள் மேல் கிடத்தினார்கள். ஐந்தடிப் பக்கத்துக்கு அடியில் மூன்று கட்டை, மேலே மூன்று மணல் மூட்டை. இரண்டடிப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, வெட்டப் போட்ட கோட்டின் மேல் தண்ணீர் சொட்ட விட்டார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். கோணல் இல்லை, அவசரம் இல்லை. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

இன்னும் இரண்டு விரற்கடைதான் பாக்கி. படாரென்று சத்தம் கேட்டது. இரண்டடித் துண்டு தன் பாரத்தில் கீழே விழுந்தது. விழும்போது ஐந்தடிக் கல்லின் மூலையையும் ஒரு கை அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது.

முனிரத்தினம் மெஷினைக் கீழே வைத்தார். பிளேடு சரியில்லை என்றார். கல்லில் ஏதோ ரேகை ஓடியிருக்கிறது என்றார்.

கௌரம்மா வந்தார். மடத்துக்கு வருமுன் பதினாறு வருஷம் கிரானைட்டுக்குப் பாலிஷ் போட்டவர் அவர். உடைந்த மூலையைப் பார்க்கவில்லை. குனிந்து கல்லுக்கு அடியில் பார்த்தார்.

"அந்தப் பக்கம் என்ன வெச்சீங்க சார்?"

"அந்தப் பக்கமா? அது வேண்டாத துண்டுதானே அம்மா. நமக்கு வேண்டியது இந்தப் பக்கம். இதுக்குத்தான் மூணு கட்டை வெச்சிருக்கேன்."

கௌரம்மா சரி என்று போய்விட்டார்.

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை. மிச்சம் இருப்பது ஒரே கல். முனிரத்தினம் அசரவில்லை. வியாழக்கிழமை பர்கூர் போய்ப் புது பிளேடு வாங்கினார். வெள்ளிக்கிழமை ஐந்தடிப் பக்கத்துக்கு இன்னும் இரண்டு கட்டை சேர்த்தார். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து, இன்றைக்கு முடித்தே தீருவது என்று மெஷினை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் கௌரம்மா.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே செங்கல் சுமந்து வந்தார். இரண்டடிப் பக்கத்துக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கினார். அதன் மேல் கோணியை மடித்துப் போட்டார். கோணிக்கும் கல்லுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்து, இடைவெளி இருந்த இடத்தில் மரச் சில்லு செருகினார். கடைசியில் ஒரு தாள் நுழையும் சந்துதான் இருந்தது. அதற்கும் ஒரு சில்லு தேடிப் பிடித்துச் செருகினார். மூன்று நாளாக முனிரத்தினம் எதற்கும் அவ்வளவு பொறுமையாக உட்காரவில்லை.

அவருக்குத் தாங்கவில்லை. "தூக்கிப் போடப் போற துண்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு?"

"இப்ப வெட்டுங்க சார்."

வெட்டினார். கடைசி இரண்டு விரற்கடை வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிளேடு மறுமுனையில் வெளியே வந்ததும் மெஷினை அணைத்தார். எதுவும் விழவில்லை. இரண்டு துண்டும் வைத்த இடத்திலேயே கிடந்தன. கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கல் பிரிந்துவிட்டது என்று அவருக்கே நம்பிக்கை வந்தது. மூலை கூர் குறையாமல் அப்படியே இருந்தது.

மெஷினைக் கீழே வைத்தார். அப்போதுதான் உள்ளே போன் அடிப்பது கேட்டது. மணி பத்து.

முனிரத்தினத்தின் கண் மண்வெட்டி இருந்த மூலைக்குப் போனது. ஆனால் இன்று அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன் சத்தத்தை மீறிக் கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

"மேசை முடிஞ்ச மாதிரிதான் அம்மா. நாளைக்குப் பௌர்ணமி. காவி குடுப்பீங்கள்ல?"

கௌரம்மா கையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைக் கழுவிக்கொண்டிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அந்த அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பக்கம் என்ன வெச்சீங்க சார்?"