கேட்ட மருந்து

இது ஒரு குரு, ஒரு சீடர் கதை. சீடர் என்றதும் அரும்புமீசைப் பையனை நினைத்துவிட வேண்டாம். டாக்டர் அருள்தாசனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அறுவை சிகிச்சையில் கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். குருவோ அவரைவிட வயதில் இளையவர். அதே ஆஸ்பத்திரியில் கிருமிகளைச் சோதிக்கும் லேபின் தலைவி, டாக்டர் நப்பின்னை.

அருள்தாசனிடம் ஒரு வழக்கம் இருந்தது. சின்னக் கட்டியை அறுத்தாலும் பெரிய ஆன்டிபயாடிக் எழுதுவார். ஏன் சார் என்றால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். கைராசிக்காரர் எழுதினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் எழுதினார்கள்.

ஒரே ஒரு மருந்து மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை. நப்பின்னை கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே வரும். பலமுறை கேட்டுப் பார்த்தார்.

"இதுக்கு அது வேண்டாம் சார்."

ஒவ்வொரு முறையும் இதே பதில்தான். "பூதம் காத்த புதையல்" என்று அருள்தாசன் கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் சுடலைமுத்து வந்து சேர்ந்தான். வாழைத்தார் ஏற்றும்போது லாரியிலிருந்து வழுக்கி விழுந்து தொடை கிழிந்தவன். அருள்தாசன் அருமையாகத்தான் தைத்தார். ஆனாலும் புண் சீழ் வைத்தது. காய்ச்சல் ஏறியது. மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள், எதற்கும் கேட்கவில்லை. அவன் மனைவி இசக்கியம்மாள் அருள்தாசன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கால எடுத்தாலும் சரி சார், ஆள மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க."

லேபில் நப்பின்னை ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். சுடலைமுத்துவின் புண்ணிலிருந்து எடுத்த கிருமி அதில் பாசிபோலப் படர்ந்திருந்தது. நடுநடுவே மருந்தில் தோய்த்த சின்ன வில்லைகள்.

"இதெல்லாம் இங்க தினமும் எழுதுற மருந்து சார். வில்லைய ஒட்டியே கிருமி வளர்ந்திருக்கு, பாருங்க."

ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி செத்து, வட்டமாக இடம் தெளிந்திருந்தது. அது எந்த மருந்து என்று அருள்தாசன் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பூதம், புதையல் பேச்சு இந்த அம்மா காதுக்கும் போயிருக்கும். இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நின்றார்.

நப்பின்னை பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார்.

"இப்பவே போடுங்க சார். நிக்காதீங்க."

காய்ச்சல் இறங்கியது. புண் சீழ் வற்றி ஆறத் தொடங்கியது. ஒருநாள் சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டான். அருள்தாசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு, முகம் தெரியாத ஒருவனுக்காக அந்த மருந்தைக் காத்து வைத்திருந்தாரே, எப்பேர்ப்பட்ட மனுஷி! நேரே லேபுக்குப் போனார்.

"மேடம், இனிமே நான் உங்க மாணவன். புத்தகத்துல இருக்கிறது எனக்கும் தெரியும். ஆனாலும் கேக்குறேன். என் மருந்து எதுக்கும் கேக்காத கிருமி உங்க மருந்துக்கு மட்டும் எப்படிக் கேட்டது?"

"வாங்க, சுடலைமுத்துவப் பாத்துட்டு வருவோம்" என்றார் நப்பின்னை.

வார்டில் கட்டிலைச் சுற்றிப் பாதி ஊர் நின்றது. ஒருவர் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் தொடையில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய போங்க! எத்தன தடவ சொல்றது?" என்று அருள்தாசன் வாசலிலேயே கத்தினார்.

ஒருவரும் திரும்பவில்லை. தினமும் கேட்கிற சத்தம். ஃபேன் சத்தத்தோடு அதுவும் ஒன்று.

நப்பின்னை கட்டில் அருகே போனார். குரலை உயர்த்தவில்லை.

"புண்ணு ஆறுற நேரம். கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு எல்லோரும் நகர்ந்தார்கள். படுக்கையில் இருந்தவர் "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்று எழுந்து போனார்.

அருள்தாசன் வாசலிலிருந்து கட்டிலருகே வந்தார்.

"நான் தினமும் தொண்ட கிழியக் கத்துறேன், ஒருத்தரும் கேக்கல. நீங்க ஒரு தடவ சொன்னதும் கேட்டுட்டாங்களே! மேடம், தினமும் இந்நேரத்துக்கு நீங்களே வந்து சொல்லிருங்களேன்."

"தினமும் வந்தா, என் பேச்சையும் கேக்க மாட்டாங்க சார்" என்றார் நப்பின்னை.